மணல் நிறப் பறவைக்கு 8×42 போதுமா?

அண்ணா சாலைப் பக்கம் ஒரு கடையில் இந்த 8×42 பைனாகுலரை (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் லென்ஸின் விட்டம் 42 மில்லிமீட்டர்) வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. விலை 14,000 ரூபாய். "10×42 எடுங்க சார், இன்னும் பெருசா தெரியும்" என்றார் கடைக்காரர். நான் 8-ஐ விடவில்லை. பள்ளிக்கரணையில் பார்த்தவரை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பூநாரையும் நாமக்கோழியும் எதில் பார்த்தாலும் தெரியும். போன ஜனவரியில் ராஜஸ்தானில் உள்ள தால் சாப்பர் சரணாலயத்துக்குப் போனபோதுதான் வித்தியாசம் புரிந்தது.

நம் கிண்டியில் மேயும் அதே வெளிமான்தான் அங்கும். ஆனால் கண்ணுக்கெட்டிய தூரம் புல், இடையிடையே முழங்கால் உயரப் புதர், அங்கங்கே வன்னி மரம். நான் தேடிப் போனது வெண்புருவப் புதர்ச்சிட்டை. சிட்டுக்குருவியைவிடச் சற்றுப் பெரியது, குளிர்காலத்தில் உடம்பெல்லாம் மணல் நிறம். புதர் உச்சியில் உட்காரும், தரையில் பூச்சி அசைந்தால் பொத்தென்று இறங்கிக் கொத்தும், அடுத்த நிமிடம் வேறு புதரில் இருக்கும். வறண்ட புல்வெளிகள் வயல்களாக மாறிவருவதால் அழியும் ஆபத்தில் உள்ள பறவை இது.

காலை ஏழு மணிக்கு வெளிச்சம் மங்கல். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25 மில்லிமீட்டர், கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. 10-ஆல் வகுத்தால் 4.2 தான். அந்த நேரத்தில் இது பெரிய வித்தியாசம். நண்பர் வைத்திருந்த 10×42 காற்றில் ஆடியது, பார்வைப் பரப்பும் குறுகல். அவர் பறவையைப் பிடிப்பதற்குள் அது இடம் மாறிவிடும்.

அப்புறம் அது தரையில் இறங்கியது. நெஞ்சை உப்பிக்கொண்டு இடமும் வலமுமாகச் சாய்ந்து சாய்ந்து முன்னால் வந்தது, மயிலாப்பூரில் தேர் அசைந்து வருமே, அப்படி. வெள்ளைப் புருவம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. மூச்சு விடாமல் பார்த்தேன். ஒரு தடவைகூட வட்டத்தை விட்டு நழுவவில்லை.

கண்ணாடி போடுபவர்கள் கண் பக்கத்து ரப்பரைத் திருகி இறக்கிவிட்டால் முழு வட்டமும் தெரியும்.

குறைகளும் உண்டு. வெளிர் வானத்துக்கு எதிரே பறவையின் விளிம்பில் ஊதாக் கோடு விழுகிறது. லென்ஸ் மூடி இறுக்கமே இல்லை, ஒன்று அங்கேயே மணலில் போய்விட்டது. கழுத்துப் பட்டை இரண்டு மணி நேரத்தில் தோலை அறுக்கும். தோளில் மாட்டும் பட்டை தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். மணல் பட்ட லென்ஸைத் துணியால் துடைக்கவே கூடாது, கீறல் விழும். முதலில் காற்று ஊதும் ரப்பர் பந்தால் ஊதிவிடுங்கள்.