சாதா பொம்மையா, சென்சார் பொம்மையா?

பாளையங்கோட்டைப் பக்கம் நர்சிங் கல்லூரிக்கு சிபிஆர் (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி மூச்சு கொடுக்கும் முதலுதவி) பழகும் பொம்மை வாங்கப் போனால் முதலில் விலையைத்தான் கேட்பார்கள். மாணவியின் அழுத்தம் 5 செ.மீ. இறங்குகிறதா என்று யார் சொல்வது? கேள்வி அதுதான்.

சாதா பொம்மை 'கிளிக்' என்னும், அவ்வளவே. ஆழம் 6 செ.மீ. தாண்டினாலோ, கை நெஞ்சின்மேல் சாய்ந்தே கிடந்தாலோ அதற்குத் தெரியாது. நெஞ்சு முழுக்க மேலெழும்பாவிட்டால் இதயத்தில் ரத்தம் சரியாக நிரம்பாது. கை களைத்தவர்கள் செய்யும் தவறே இதுதான். சென்சார் பொம்மை அதை உடனே திரையில் காட்டிக்கொடுக்கும். நிமிடத்துக்கு 100–120 அழுத்தம் என்ற வேகம் பிசகினாலும் காட்டும்.

ஆனால் திரையைப் பார்த்தே பழகியவர், களக்காட்டுப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எதைப் பார்ப்பார்? வாய்விட்டு 30 அழுத்தம் எண்ணி, 2 மூச்சு கொடுக்கும் பழக்கம் சாதா பொம்மையில்தான் ஊறும். (பேட்டரி தீர்ந்தால் சென்சாரும் சாதாதான், விலை மட்டும் கூட.)

மூச்சு கொடுப்பதில் பெரிய வித்தியாசமில்லை: தலையைச் சாய்த்துத் தாடையைத் தூக்காவிட்டால் இரண்டிலும் நெஞ்சு எழும்பாது.

ஒரு சென்சார், நாலைந்து சாதா என்று வாங்குவதே நல்லது. கைவாகு சென்சாரில் படியட்டும்; 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறும் சுற்றுகள் சாதாவில் நடக்கட்டும். தேர்வு மறுபடி சென்சாரில், திரையை மாணவிக்குத் தெரியாமல் திருப்பி வைத்து.