சிறுநீர் பார்க்கும் குந்து கழிப்பறைக்குக் காப்புரிமை: பரிசோதனைச் சேவை கொடுத்த வெள்ளிக்குத் தகுமா?

சுங்கை சிப்புட் சுற்று வட்டாரத் தோட்டத்து வீடுகளில் இனிப்புநீர் (நீரிழிவு) யாருக்கும் புதுச் சொல் இல்லை. கிளினிக்குக்குப் போனால் சிறுநீர் பிடிக்கக் கையில் ஒரு டப்பாவைக் கொடுத்து அனுப்புவதும் பழகிப்போன ஒன்று. கழிப்பறையே பார்த்துச் சொல்லிவிட்டால் என்ன என்ற யோசனை பைப் வேலை செய்பவருக்கும் வரும், பாலிடெக்னிக் படிக்கும் பிள்ளைக்கும் வரும். இங்கே மதிப்பிடுவது அந்தக் கழிப்பறையை அல்ல. அதை எழுதி, மைஐபிஓ என்கிற மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்திடம் கொடுத்தால் நடக்கும் காப்புரிமைப் பரிசோதனையை.

பரிசோதகர் உங்கள் வீட்டுக் கழிப்பறையைப் பார்க்க வரமாட்டார். அவர் முன்னால் இருப்பது நீங்கள் கொடுத்த விளக்கம், வரைபடம், உரிமைக்கோரல் (எதற்கு உரிமை கேட்கிறீர்கள் என்று சொல்லும் பகுதி), சுருக்கம் ஆகிய தாள்கள் மட்டுமே. இது புதியதா, துறை தெரிந்த ஒருவருக்குச் சட்டென்று தோன்றாத ஒன்றா, தொழிலில் பயன்படுமா, இந்த விளக்கத்தை வைத்து இன்னொருவர் செய்துவிட முடியுமா என்று தாளைத்தான் கேட்பார். வீட்டில் அருமையாக வேலை செய்யும் சாமான் தாளில் தோற்கும். வேலையே செய்யாத ஒன்று தாளில் வெகுதூரம் போய்விடும். இந்தச் சேவையின் தரம் பாதிக்கு மேல் நீங்கள் முதல் நாள் எழுதிக் கொடுத்ததன் தரம்தான்.

பரிசோதனை இரண்டு கட்டம். முதலாவது தாள்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்ப்பது. அதில் சொல்ல அதிகம் இல்லை. இரண்டாவதுதான் உள்ளடக்கப் பரிசோதனை. அது தானாக நடக்காது. விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து 18 மாதத்துக்குள் தனியாகக் கேட்டு, தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் விண்ணப்பத்தை நீங்களே மீட்டுக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். 'காப்புரிமை வாங்கித் தருகிறோம்' என்று மொத்த விலை சொல்பவர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: இந்த விலையில் தாக்கல் மட்டுமா, பரிசோதனைக் கோரிக்கையும் உண்டா, பரிசோதகர் அறிக்கைக்குப் பதில் எழுதுவதும் சேருமா? மலேசியாவில் வசிப்பவர் முகவர் இல்லாமல் தாமே இணையத்தில் தாக்கல் செய்யலாம். பெட்டாலிங் ஜெயா வரைக்கும் பஸ் ஏற வேண்டியதில்லை.

தாக்கலுக்கு முன்னால் செய்ய வேண்டிய தேடலுக்குக் காசே வேண்டாம். பழைய காப்புரிமை ஆவணங்களைத் தேடும் எஸ்பாஸ்நெட், பேட்டன்ட்ஸ்கோப் என்ற இரண்டு இணையத்தளங்களும் இலவசம். 'ஸ்மார்ட் டாய்லெட்' என்று தட்டினால் குப்பை மலைபோல் வந்து விழும். வகைப்பாட்டு எண்ணை வைத்துத் தேடுங்கள். கழிப்பறைத் துணைக்கருவிகளுக்கு ஈ03டி 9/00, சிறுநீர் மாதிரி எடுக்கும் சாதனங்களுக்கு ஏ61பி 10/007, சிறுநீர்ப் பகுப்பாய்வுக்கு ஜி01என் 33/493, நிறம் மாறும் சோதனைத் தாளுக்கு ஜி01என் 21/78. தேடல் பெட்டியில் இவற்றை ரோமன் எழுத்தில் தட்ட வேண்டும். இரண்டிரண்டாகச் சேர்த்துத் தேடினால் உங்கள் உண்மையான போட்டியாளர்கள் வரிசையில் வந்து நிற்பார்கள்.

பலருக்கு முகம் சுருங்குவது அங்கேதான். ஜப்பானின் டோட்டோவும் டைவா ஹவுசும் சிறுநீர்ச் சர்க்கரை பார்க்கும் கழிப்பறையை 2005இலேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சஞ்சீவ் கம்பீர் குழு சோதனைத் தாளையும் கேமராவையும் கழிப்பறையோடு சேர்த்து 2020இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டது. உட்கார்ந்திருப்பவர் யார் என்று அடையாளம் காண்பதுகூட அதில் உண்டு. பிரான்சின் விதிங்ஸ் கழிப்பறைக் கிண்ணத்துக்குள் தொங்கவிடும் யூ-ஸ்கேன் வில்லையை 2023இல் காட்டியது. மலேசியச் சட்டத்தில் 'புதியது' என்றால் உலகத்துக்கே புதியது. சுங்கை சிப்புட்டில் யாரும் பார்த்ததில்லை என்பது கணக்கில் வராது.

ஆகவே 'சிறுநீரைச் சோதிக்கும் கருவி பொருத்திய கழிப்பறை' என்று உரிமைக்கோரல் எழுதினால், அந்த 2005 கழிப்பறையைப் பற்றிய ஆவணம் ஒன்றே அதைச் சாய்த்துவிடும். அடுத்து எல்லோரும் தாவுவது 'குந்து கழிப்பறையில்' என்ற சொல்லைச் சேர்ப்பதற்கு. இப்போது அது புதியதாகலாம், ஆனால் போதாது. பரிசோதகர் டி1 என்று உட்காரும் கழிப்பறை ஆவணத்தையும், டி2 என்று ஏதோ ஒரு குந்து தட்டு ஆவணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதை அங்கே மாற்றி வைத்ததில் என்ன கண்டுபிடிப்பு என்று கேட்பார். நியாயமான கேள்வி.

பதில் குந்து தட்டில்தான் இருக்கிறது. உட்காரும் கழிப்பறைக்கு இல்லாத இரண்டு தொல்லை இதற்கு உண்டு. ஒன்று, கழுவும் தண்ணீர். சோதனைத் தாளில் சர்க்கரைக் கட்டம் 30 விநாடியில் படிக்க வேண்டியது, புரதம் 60 விநாடி, வெள்ளணு 120 விநாடி. அதற்குள் ஹோஸ் பைப்போ காயோங் (மொள்ளும் குவளை) தண்ணீரோ தட்டில் பாய்ந்து மாதிரியைக் கரைத்துவிடும். இரண்டு, கழிப்பறை கழுவ ஊற்றும் குளோராக்ஸ் என்ற குளோரின் திரவம். சர்க்கரைக் கட்டத்தில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி சர்க்கரையிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். பெராக்சிடேஸ் என்ற இன்னொரு நொதி அதை வைத்து நிறத்தை மாற்றும். தட்டில் மிச்சம் இருக்கும் குளோரின், சர்க்கரை இல்லாமலே அந்த நிறத்தைக் கொண்டுவந்துவிடும். இரத்தக் கட்டமும் இதே மாதிரி ஏமாறும். காலையில் குளோராக்ஸ் ஊற்றித் தேய்த்துவிட்டுச் சரியாக அலசாத தட்டில் வீட்டில் எல்லோருக்கும் இனிப்புநீர் என்று வரும். எதிர்ப்பக்கமும் உண்டு: வைட்டமின் சி மாத்திரை அதிகம் சாப்பிட்டவருக்கு, சர்க்கரை இருந்தும் தாள் நிறம் மாறாமல் போகலாம்.

இந்தத் தொல்லைகளைத் தீர்க்கும் அமைப்பைக் கோரினால்தான் பரிசோதகரோடு பேச வாயில் ஏதாவது இருக்கும். மாதிரிக்கு ஒன்று: 'குந்து கழிப்பறைத் தட்டு, அதன் முன்சரிவில் மாதிரி தேங்கும் குழி, குழி நிறைந்ததும் மூடிக்கொள்ளும் மடல், கழுவும் நீரைப் பக்கவாட்டில் திருப்பும் வரம்பு, குழிக்குள் குளோரின் பார்க்கும் தாளும் சர்க்கரை பார்க்கும் தாளும், குளோரின் தாள் நிறம் மாறினால் சர்க்கரை அளவைத் தள்ளிவிடும் கட்டுப்பாட்டுப் பகுதி.' குழியின் கொள்ளளவு, மடல் மூட எடுக்கும் நேரம், வரம்பின் உயரம் எல்லாம் இதைச் சார்ந்த துணைக் கோரல்களாக வரட்டும். முதல் கோரல் விழுந்தால் பின்வாங்கி நிற்க அவைதான் படிக்கட்டு. 10 கோரலுக்கு மேல் போனால் ஒவ்வொன்றுக்கும் கூடுதல் கட்டணம் என்பதையும் மனதில் வையுங்கள்.

இந்தச் சேவையில் ஆளை மிக மோசமாக அடிக்கும் விதி, தாக்கல் செய்த பிறகு புதிய விஷயம் சேர்க்கக் கூடாது என்பது. அறிக்கை வந்ததும் 'ஐயா, எங்கள் தட்டில் குளோரின் பார்க்கும் தாளும் இருக்கிறதே' என்று எழுதிப் பயனில்லை. முதல் நாள் விளக்கத்தில் அது இல்லாவிட்டால் கோரலில் ஏற முடியாது. விளக்கத்தில் எங்கோ ஒரு ஓரத்தில் ஒரு வரி இருந்தால்கூட மேலே இழுத்துக்கொள்ளலாம். விளக்கத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரே சிறுநீரை மூன்று விதத்தில் சோதித்து அட்டவணை போடுங்கள்: குளோராக்ஸ் போட்டு அலசாத தட்டு, ஒரு காயோங் தண்ணீர் ஊற்றிய தட்டு, மூன்று காயோங் ஊற்றிய தட்டு. கூடவே குளோராக்ஸ் படாத தட்டில் ஒரு ஒப்பீடு. நிறம் எத்தனை விநாடியில் என்ன ஆனது என்று எழுதிய அந்த ஒரு பக்கம், 'சட்டென்று தோன்றாதது' என்று வாதாடும் பத்துப் பக்கத்தைவிட உதவும். சோதனைத் தாளை எங்கே வைக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். சோதனைத் தாளுக்கு ஈரம் ஆகாது, கழிப்பறையிலோ ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்ட மூடிய உறை, ஒவ்வொரு முறையும் ஒரு தாள் மட்டும் வெளியே வரும் அமைப்பு என்று இருந்தால், அதுவே தனிக் கோரலாகலாம்.

நோயறியும் முறைக்குக் காப்புரிமை கிடையாதே என்று சிலர் பயமுறுத்துவார்கள். பாதி உண்மை. காப்புரிமைச் சட்டம் 1983இன் 13ஆம் பிரிவு, மனித உடல்மீது செய்யப்படும் நோயறியும் முறைகளை விலக்குகிறது. அவற்றில் பயன்படும் பொருள்களை விலக்கவில்லை. தட்டு, குழி, மடல் எல்லாம் பொருள். 'ஒருவருக்கு இனிப்புநீர் இருக்கிறதா என்று அறியும் முறை' என்று தொடங்கும் கோரலை எழுதி வீண் சண்டை இழுக்காதீர்கள். சாதனத்தைக் கோருங்கள், முறை அவசியம் என்றால், உடலை விட்டு வெளியே வந்துவிட்ட மாதிரியின் மேல் நடப்பதாக எழுதுங்கள்.

சின்ன மேம்பாடு என்றால் பயன்பாட்டுப் புத்தாக்கச் சான்றிதழ் என்று இன்னொரு வழி இருக்கிறது. அதில் புதியதா என்று பார்ப்பார்கள்; சட்டென்று தோன்றாததா என்ற கடினமான தேர்வு இல்லை. ஆனால் ஒரே ஒரு கோரல்தான். காலம் 10 ஆண்டு, பயன்பாட்டைக் காட்டி 5, 5 ஆண்டாக இரு முறை நீட்டலாம், காப்புரிமைக்கு 20. மடலும் வரம்பும் மட்டும்தான் உங்கள் சரக்கு என்றால் இதுவே போதும் என்பது எங்கள் எண்ணம். காப்புரிமையாகப் போட்டுவிட்டுப் பின்னால் இதற்கு மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு.

மாற்றியமைத்த பரிசோதனை என்று ஒரு குறுக்கு வழியைப் பற்றி யாராவது சொல்வார்கள். அமெரிக்கா, ஜப்பான், கொரியா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஐரோப்பிய அலுவலகம் ஆகியவற்றில் ஒன்றில் அதே கண்டுபிடிப்புக்கு ஏற்கெனவே உரிமை வாங்கியவருக்கானது அது. இங்கேயே முதலில் போடும் தோட்டத்துக்காரருக்கு அதனால் ஒன்றுமில்லை. இங்கே முதலில் போடுவதும் விருப்பத்துக்கு விட்ட விஷயம் இல்லை: மலேசியாவில் வசிப்பவர் இங்கே தாக்கல் செய்து 2 மாதம் கழித்துத்தான் வெளிநாட்டில் போடலாம், அல்லது முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். மீறினால் குற்றம்.

தாக்கலுக்கு முன் கோயில் மண்டபத்தில் செய்து காட்டுவது, வாட்ஸ்அப்பில் வீடியோ சுற்றவிடுவது எல்லாம் 'வெளியிட்டது' ஆகிவிடும். நீங்களே வெளியிட்டிருந்தால் மலேசியச் சட்டம் ஓராண்டு மன்னிக்கும். ஐரோப்பாவில் அந்தச் சலுகை இல்லை. தாக்கல் செய்த 18 மாதத்தில் ஆவணம் பொதுமக்கள் பார்வைக்கு வந்துவிடும்; காப்புரிமை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ரகசியம் அதோடு போயிற்று.

குறை என்று எங்களுக்குப் படுவது மொழி. விளக்கம் மலாயிலோ ஆங்கிலத்திலோதான் இருக்க வேண்டும். தமிழில் யோசித்து, வாயால் சொல்லி, இன்னொருவர் ஆங்கிலத்தில் எழுதும்போது 'மடல்' ஒரு பக்கத்தில் மூடி, அடுத்த பக்கத்தில் வால்வு, கோரலில் தடுப்பு என்று மூன்று பெயர் வாங்கிவிடும். தெளிவில்லை என்ற ஆட்சேபம் அங்கிருந்துதான் முளைக்கும். வரைபடத்தில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் எண் கொடுத்து, எண் ஒன்று பெயர் ஒன்று என்று ஒரு பட்டியல் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினால் இந்தத் தலைவலி இல்லை. சுருக்கம் 150 சொல்லுக்குள். ஆட்சேப அறிக்கையைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். முதல் அறிக்கையிலேயே எதுவும் இல்லாமல் தேறும் விண்ணப்பம் அபூர்வம். அதில் சொல்லியிருக்கும் கெடுவைத்தான் தவறவிடக் கூடாது. பதிலில் ஆவணத்துக்கு ஆவணம், எந்தப் பாகம் அதில் இல்லை, அந்தப் பாகம் இல்லாவிட்டால் என்ன கெடுகிறது என்று எழுதுங்கள். இத்தனை நாள் உழைப்பு, ஏழைக் குடும்பம் என்பதெல்லாம் பரிசோதகர் எடைபோடக்கூடிய சரக்கு இல்லை.

உரிமை கையில் வந்த பிறகும் ஆண்டுதோறும் கட்டணம் உண்டு. விற்பனை வேறு கதை. காப்புரிமை மற்றவரைத் தடுக்கும் உரிமை. அது விற்பதற்கான அனுமதி அல்ல. நோயறியப் பயன்படும் சாதனம் என்று சொல்லி விற்றால் மருத்துவச் சாதனச் சட்டம் 2012இன் கீழ்ப் பதிவு வேண்டும், அங்கே காப்புரிமைப் பரிசோதகர் கேட்காத கேள்விகளையெல்லாம் கேட்பார்கள். இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிமோலைத் தாண்டினால்தான் சிறுநீரில் சர்க்கரை தலைகாட்டும், ஆகவே ஆரம்ப நிலை இனிப்புநீரை உங்கள் தட்டு கோட்டைவிடும். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுபவருக்கோ, இரத்தச் சர்க்கரை கட்டுக்குள் இருந்தாலும் சிறுநீரில் சர்க்கரை இறங்கிக்கொண்டே இருக்கும். அவர் வீட்டில் அந்தத் தாள் எந்நேரமும் நிறம் மாறியே நிற்கும்.