மீனின் வீட்டில் இன்னும் தேடவில்லை

பதினோரு ஆண்டுகளுக்குப் பின் டொராண்டோவிலிருந்து தண்டையார்பேட்டைக்கு வந்து, மே மாதத்தில் இருபது நாட்கள் தங்கினேன். 2021ஆம் ஆண்டு விம்கோ நகர் வரை நீட்டிக்கப்பட்ட மெட்ரோவின் சேவையில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் படியேறித் திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்கு வந்த பிறகுதான் ஊரின் பேச்சு காதில் விழுந்தது.

கைப்பேசியைப் பார்த்தபடி சாலையில் இறங்கிய என்னை இடித்துவிடாமல் ஆட்டோவை நிறுத்திய ஓட்டுநர், "வூட்ல சொல்லிக்கினு வந்தியா?" என்றார். சென்னைக்காரர் எல்லோருக்கும் பழகிய இந்தக் கேள்வியை வெறும் வசை என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உனக்காக வீட்டில் ஒருவர் காத்திருக்கிறார் என்பதை, பிரேக் பிடித்த அந்த நொடியில் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை என்பதால், காசிமேட்டில் சிறு படகுகளில் வந்த மீனே கிடைத்தது, விலையும் ஏறியிருந்தது. ஒரு சங்கராவைக் காட்டி, இன்றைய மீன்தானா என்று கேட்டேன். "காலீல தான் வந்துச்சு நைனா, அதோட வூட்ல இன்னும் தேடவே ஆரம்பிக்கல" என்றார் விற்ற அம்மா. சொல்லோடு நிற்காமல், செவுளைத் தூக்கிச் சிவப்பைக் காட்டி, விரலால் அழுத்திய சதை மீண்டும் எழும்புவதையும் காட்டிய பிறகே பணம் வாங்கினார்.

பிறப்புச் சான்றிதழில் எழுத்துப் பிழையைத் திருத்தச் சென்ற அலுவலகத்தில்தான் அதிக நேரம் போயிற்று. சர்வர் வேலை செய்யவில்லை என்பதை ஒரு தாளில் எழுதி வாசலில் ஒட்டியிருந்தால், முதியவர்கள் பலர் வெயிலில் இரண்டரை மணி நேரம் நின்றிருக்க வேண்டியதில்லை. இதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. வரிசையில் சண்டை மூளும் நிலையில், லுங்கி கட்டிய பெரியவர் ஒருவர், "சர்வர் வரலேன்னா இன்னா, கல்லாவுல குந்திகினு கீற மொதலாளியே எழுந்து வந்து பரிமாறக் கூடாதா?" என்று கேட்டார். வரிசை முழுவதும் சிரித்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த எழுத்தரும் சிரித்துவிட்டு வெளியே வந்து, முதியவர்களை உள்ளே உட்கார வைத்து, எல்லோருடைய தாள்களையும் கையாலேயே சரிபார்த்து அடுக்கத் தொடங்கினார்.

ஒரு மணிக்கு இணைப்பு கிடைத்தபோது, அவரே வாசலுக்கு வந்து அறிவித்தார்: "சர்வர் வந்துட்டாரு. மொதல்ல பெரியவருக்கு இன்னா வேணும்?"