ஒரே தொட்டி, இரண்டு பனைகள்: 16 மாத அனுபவம்

அடியில் தண்ணீரைத் தேக்கி வைத்து, மண் தனக்கு வேண்டியதை உறிஞ்சிக்கொள்ளும் செல்ஃப் வாட்டரிங் தொட்டிகள் இரண்டை ஒரே நாளில் வாங்கினேன். வேலைக்காக மாதத்தில் பத்து நாள் வெளியூர் போக வேண்டியவள் நான். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் ஓலை சுருண்டு கிடக்கும் செடிகளைப் பார்த்து மனம் கஷ்டப்பட்டுத்தான் இந்தத் தொட்டிக்கு வந்தேன். ஒன்றில் அரேகா பாம், இன்னொன்றில் லிப்ஸ்டிக் பாம் வைத்தேன். ‘வீட்டுக்குள் வளரும் எல்லாப் பனைகளுக்கும் ஏற்றது’ என்று பெட்டியில் அச்சிட்டிருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரு பனைக்கு அது முழு உண்மை. இன்னொன்றை அது கொல்லப் பார்த்தது.

முதலில் தொட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வாய் அகலம் 14 அங்குலம், அடித்தேக்கம் 5 லிட்டர். தேக்கத்துக்கு மேலே ஒரு தட்டு இருக்கிறது. அந்தத் தட்டிலிருந்து இரண்டு கிண்ணம் போன்ற கால்கள் தண்ணீருக்குள் இறங்குகின்றன. கால்களில் மண்ணை அழுத்தி நிரப்பினால், அந்த மண் வழியாக ஈரம் மேலே ஏறும். ஓரத்தில் தண்ணீர் ஊற்ற ஒரு குழாய், அளவு காட்ட ஒரு மிதவை, மிஞ்சும் நீர் வெளியேற ஒரு துளை. துளைக்கு ரப்பர் அடைப்பு உண்டு. பிளாஸ்டிக் நல்ல தடிமன், பால்கனி வெயிலில் 16 மாதம் இருந்தும் வெளுக்கவில்லை, விரிசலும் இல்லை. தண்ணீரும் மண்ணும் நிறைந்தபின் தனியாளாக நகர்த்த முடியாது. சக்கரம் வைத்த பலகையை முதலிலேயே அடியில் போட்டுவிடுங்கள், ஏனென்றால் ஜன்னலோரம் இருக்கும் பனையை வாரம் ஒரு முறையாவது கொஞ்சம் திருப்பி வைக்காவிட்டால் வெளிச்சத்தின் பக்கமே சாய்ந்து வளரும்.

வைத்த புதிதில் குழாயில் மட்டும் தண்ணீர் ஊற்றினால் போதாது. வேர் கீழே இறங்கும் வரை, ஒன்றரை மாதமாவது, மேலிருந்தும் ஊற்ற வேண்டும். கையேட்டில் இது ஓரமாகப் பொடி எழுத்தில்தான் இருக்கிறது. கண்ணில் படாமல் போனால் தேக்கம் நிறைய நீர் இருந்தும் செடி காய்ந்துபோகும்.

இப்போது லிப்ஸ்டிக் பாம். மலாய் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ பகுதிகளின் சதுப்புக் காடுகளில், மக்கிய தழையும் கறுத்த நீரும் தேங்கிய நிலத்தில் வளரும் பனை இது. வேர் தண்ணீரில் நின்று பழகிய செடி. சாதாரணத் தொட்டியில் ஒரு நாள் ஈரம் தவறினாலும் ஓலை நுனி கருகிவிடும் என்பதை முன்பு ஒரு கன்றை இழந்து தெரிந்துகொண்டேன். இந்தத் தொட்டியில் தேக்கத்தை ஒரு நாள்கூடக் காலியாக விடவில்லை. நான் பன்னிரண்டு நாள் இல்லாமல் வந்தபோதும் மிதவை பாதியில் நின்றது, செடி அப்படியே இருந்தது. அன்று எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

இது மெதுவாகத்தான் வளரும். 16 மாதத்தில் நடுத்தண்டில் மூன்று புது ஓலை, அடியில் ஒரு பக்கக்கன்று, அவ்வளவுதான். ஆனால் வாங்கும்போது பழுப்பு கலந்த பச்சையாக இருந்த மட்டையின் அடிப்பகுதி இப்போது செங்கல் நிறத்துக்கு வந்திருக்கிறது. படங்களில் பார்க்கும் அந்த அரக்குச் சிவப்பு வர இன்னும் சில வருடம் ஆகும். நல்ல வெளிச்சம் இருந்தால்தான் நிறம் ஏறும். குளிர் மட்டும் இதற்கு ஆகவே ஆகாது, குளிர்ந்த காற்று நேரே படும் இடத்திலும் ஏசி அறையிலும் வைக்காதீர்கள். சிவப்பைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்குபவர்களிடம் நான் சொல்வது, உங்களுக்குப் பொறுமை இருந்தால் இந்தத் தொட்டியும் இந்தப் பனையும் ஒன்றுக்கொன்று செய்து வைத்தது போல.

அரேகாவின் கதை வேறு. மடகாஸ்கரின் கரையோரக் காடுகளில், மணற்பாங்கான நிலத்திலிருந்து வந்தது அது. ஈரம் பிடிக்கும், ஆனால் வேருக்குக் காற்றும் வேண்டும். நான் வாங்கியது 11 தண்டுகள் கொண்ட புதர். முதல் இரண்டு மாதம் செழித்தது. மூன்றாம் மாதம் கடைசியில் புதுக்குருத்து வெளிறிய மஞ்சளாக விரிந்தது. சத்துக் குறைவு என்று நினைத்து உரம் போட்டேன். அதுதான் தப்பு. முதிர்ந்த ஓலையில் மஞ்சள் புள்ளி விழுந்தால் பெரும்பாலும் பொட்டாசியம் குறைவு, ஆனால் குருத்தே வெளிறினால் முதலில் வேரைத்தான் சந்தேகப்பட வேண்டும். மூச்சு முட்டிய வேர் மண்ணில் இருக்கும் இரும்புச்சத்தைக்கூட எடுக்காது.

நான்காம் மாதம் தொட்டியிலிருந்து தூக்கினேன். சாக்கடை வாடை. வேரைப் பிடித்து இழுத்தால் தோல் மட்டும் கையோடு உருவி வந்து உள்ளே நூல் போல ஒன்று மிஞ்சியது. அழுகியதை எல்லாம் வெட்டினேன், நான்கு தண்டுகள் போய்விட்டன. பனையில் ஒரு தண்டுக்கு ஒரு குருத்துதான். அது அழுகினால் அந்தத் தண்டு திரும்பவும் தளிர்க்காது. மிச்சம் ஏழு தண்டுகளைப் பிரிக்காமல் ஒன்றாகவே வைத்தேன், வேரைக் கலைத்தால் அரேகா மாதக்கணக்கில் முகம் வாடி நிற்கும்.

அதே தொட்டியில்தான் மறுபடி வைத்தேன், ஆனால் மாற்றி. இரண்டு கால்களில் ஒன்றை மண் போடாமல் தேங்காய் நார்க்கட்டிகளால் அடைத்தேன். வெறும் கோகோபீட்டுக்கு (தேங்காய் நார்த்தூள்) பதில் பெருமணலும், மண்ணில் காற்றோட்டம் தரும் பெர்லைட் என்ற வெள்ளைக் கல்பொரியும் தாராளமாகச் சேர்த்த கலவை. அப்புறம், மிதவை அடியில் விழுந்ததும் உடனே நிரப்பாமல் ஐந்தாறு நாள் தேக்கத்தை வெறுமையாக விடுகிறேன். விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டு, மண் காய்ந்திருந்தால்தான் நிரப்புவது. இன்று ஏழு தண்டுகளும் பச்சையாக நிற்கின்றன, புதிதாக இரண்டு கிளம்பியிருக்கின்றன. ஆக, அரேகாவுக்கும் இந்தத் தொட்டியைப் பழக்கலாம். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் விதத்தில் அல்ல.

தேக்கத்தில் திரவ உரம் கலக்கச் சொல்கிறது கையேடு. நான் வேண்டாம் என்கிறேன். இந்தத் தொட்டியில் தண்ணீர் கீழிருந்து மேலே மட்டுமே போகிறது. நீர் ஆவியாகிப் போக, உப்பு மேல்மண்ணில் தங்கிவிடுகிறது. ஏழெட்டு மாதத்தில் மண்மேல் வெள்ளைப் படலம் தெரிந்தது, அரேகாவின் ஓலை நுனிகளும் பழுப்பாயின. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அடைப்பைத் திறந்துவிட்டு, மேலிருந்து வாளி வாளியாக ஊற்றி மண்ணை அலசுகிறேன். அதற்குப் பின் வந்த ஓலைகளின் நுனி சுத்தமாக இருக்கிறது. குருணை உரத்தை மேலே தூவுவதிலும் பயனில்லை, மேல்மண் காய்ந்தே இருப்பதால் கரையாமல் அப்படியே கிடக்கும். நடும்போதே கலவையில் சேர்த்துவிடுங்கள்.

பழுத்த ஓலையை அழகுக்காக உடனே வெட்டும் பழக்கம் எனக்கு இருந்தது. இப்போது இல்லை. முழுதும் காயும் வரை பனை அதிலிருந்து பொட்டாசியத்தை எடுத்துப் புது ஓலைக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது.

குறைகள் இரண்டு உண்டு. ஒன்பதாம் மாதம் அரேகா தொட்டியின் மிதவை உப்புப் படிந்து சிக்கிக்கொண்டது. தேக்கம் காலியாக இருந்தும் நிறைந்ததாகவே காட்டியது. கழற்றி வினிகரில் ஊற வைத்தபின் சரியானது. லிப்ஸ்டிக் பாமில் இப்படி நடந்து கவனிக்காமல் விட்டிருந்தால் செடி போயிருக்கும், ஆகவே மிதவையை மட்டும் நம்பாமல் ஒரு குச்சியைக் குழாய்க்குள் விட்டுப் பாருங்கள். இரண்டாவது, குழாய் மூடி தளர்வு. கொசு உள்ளே போய் முட்டையிட்டது, புழு நெளிவதைக் கண்ணால் பார்த்தேன். நைலான் வலைத்துண்டை ரப்பர் பேண்டால் கட்டியபின் தொல்லை இல்லை. மூடியைக் கொஞ்சம் இறுக்கமாகச் செய்திருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம் இது. தயாரிப்பாளருக்கும் எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை.

மழை படும் இடத்தில் வைப்பதானால் ரப்பர் அடைப்பைக் கழற்றிவிட மறக்காதீர்கள். லிப்ஸ்டிக் பாம் தாங்கும், அரேகா தாங்காது.

லிப்ஸ்டிக் பாமுக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். அரேகாவுக்கு இரண்டு, என் மாற்றங்களோடு சேர்த்தால் மூன்றரை. அடுத்த மாதம் லிப்ஸ்டிக் பாமின் பக்கக்கன்றுக்காக இதே தொட்டி இன்னொன்று வாங்கப் போகிறேன். பிரிக்க அல்ல, தாயையும் கன்றையும் சேர்த்தே மாற்ற, 18 அங்குல அளவில்.