வாழ்நாள் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் பழைய கணினியில் டீஆக்டிவேட் செய்யும் முன் இதைப் படித்துவிடுங்கள்

புதுக் கணினிக்கு மாறப்போகிறவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் உங்களிடம் இருந்தால், அது புதுக் கணினியில் ஓடுகிறதா என்று கண்ணால் பார்க்காமல் பழைய கணினியில் லைசென்ஸை நீக்கும் டீஆக்டிவேட் பட்டனை அழுத்தாதீர்கள். நான் அழுத்தினேன். பல வருடங்கள் உட்கார்ந்து செய்த வேலை ஒரே நிமிடத்தில் கைக்கு எட்டாமல் போய்விட்டது.

2015இல் படங்களை ஒழுங்குபடுத்தி வைக்கும் மென்பொருள் ஒன்று வாங்கினேன். அந்தச் சமயத்தில் சந்தா என்பது எல்லா இடத்திலும் பரவிக்கொண்டிருந்தது. ஃபோட்டோஷாப் போன்ற தன் முக்கிய மென்பொருள்களின் புதிய பதிப்புகள் இனி சந்தாவில் மட்டும்தான் என்று அடோபி 2013லேயே அறிவித்துவிட்டது. கட்டுவதை நிறுத்தினால் வேலையும் நின்றுவிடும் என்ற ஏற்பாட்டில் எனக்கு மனம் ஒப்பவில்லை. அப்போதுதான் இந்தச் சிறிய நிறுவனம் கண்ணில் பட்டது. "ஒரு முறை பணம் கட்டுங்கள், வாழ்நாள் முழுவதும் பயன்படுத்துங்கள்" என்று முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். ரசீது மெயிலிலும் அதே வாசகம் இருந்தது. அதை நம்பித்தான் வாங்கினேன்.

வாங்கியது பாட்டிக்காக. எங்கள் குடும்பத்தின் பழைய கருப்பு வெள்ளைப் படங்களை எல்லாம் ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். அதில் யார் யார் என்று சொல்லத் தெரிந்தவர் பாட்டி ஒருவர்தான். விடுமுறை நாட்களில் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொரு படமாகத் திறப்பேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்ப்பார். அப்புறம் விரலைத் திரையில் வைத்து அழுத்தி, "இவர் உங்க தாத்தாவோட சித்தப்பா. பேச ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டார்" என்பார். நான் அந்த முகத்தைச் சுற்றி ஒரு கட்டம் போட்டுப் பெயரை எழுதுவேன். அவர் சொன்ன கதையைப் படத்தின் கீழே குறிப்பாகத் தட்டச்சு செய்வேன். சில நாள் ஒரே படத்தில் ஒரு மணி நேரம் போய்விடும். இப்படியே நாலு வருடம். 2019இல் பாட்டி காலமானார்.

அதன் பிறகும் அந்த மென்பொருளை அவ்வப்போது திறந்து பார்ப்பேன். ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. இடையில் அந்த நிறுவனம் வேறொரு நிறுவனத்துக்குக் கைமாறியது என்று ஒரு மெயில் வந்தது. "உங்கள் அனுபவத்தில் எந்த மாற்றமும் இருக்காது" என்று எழுதியிருந்தார்கள். அப்படியே விட்டுவிட்டேன். இப்படி ஒரு மெயில் உங்களுக்கு வந்தால் விட்டுவிடாதீர்கள். உங்கள் தரவை வெளியே எடுத்து வைக்க வேண்டிய நாள் அதுதான்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவதாக இருந்ததால் கணினியை மாற்ற முடிவு செய்தேன். என்னுடையது இன்டெல் நான்காம் தலைமுறை பிராசஸர். விண்டோஸ் 11க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். சரி, புதிது வாங்கியாயிற்று. இந்த மென்பொருளின் லைசென்ஸ் ஒரு கணினிக்கு மட்டும்தான். பழையதில் டீஆக்டிவேட் செய்துவிட்டு, புதியதில் அதே கீயைப் போட வேண்டும் என்று அவர்கள் உதவிப் பக்கத்திலேயே இருந்தது. அதன்படியே செய்தேன். பழையதில் "லைசென்ஸ் வெற்றிகரமாக நீக்கப்பட்டது" என்று வந்தது. புதியதில் கீயைப் போட்டேன். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, "சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை" என்றது. மறுநாளும் அதேதான்.

பழைய கணினிக்குத் திரும்பினால், அங்கே "உங்கள் சோதனைக் காலம் முடிந்துவிட்டது" என்று ஒரு பெட்டி. அதை மூடினால் படங்கள் சின்னச் சின்னதாகத் தெரிகின்றன. எதைத் தொட்டாலும் மறுபடி அதே பெட்டி. எக்ஸ்போர்ட் பட்டன் சாம்பல் நிறத்தில் இருக்கிறது, அழுத்த முடியவில்லை. நான் எழுதிய குறிப்புகளை நானே வெளியே எடுக்க முடியாது என்பது எனக்கு அந்தப் பட்டனைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

சாட்டில் உதவி கேட்டேன். முதலில் வந்தது தானியங்கிப் பதில்கள். மூன்றாம் முறைதான் ஓர் ஆள் வந்தார். மரியாதையாகவே பேசினார், அதில் குறை சொல்ல மாட்டேன். அவர் சொன்ன விஷயம்தான் தாங்கவில்லை. பழைய பதிப்பின் ஆக்டிவேஷன் சர்வரை, அதாவது கீயைச் சரிபார்த்து அனுமதி தரும் சர்வரை, நிறுத்திவிட்டார்களாம். இப்போது இருப்பது சந்தா மட்டும்தானாம். "வாழ்நாள் என்பது அந்தப் பதிப்பின் வாழ்நாளைக் குறிக்கும் சார், வாடிக்கையாளரின் வாழ்நாளை அல்ல" என்றார். பழைய வாடிக்கையாளர் என்பதால் முதல் வருடச் சந்தாவில் தள்ளுபடி தருவதாகவும் சொன்னார். சந்தா கட்டினால் என் பழைய குறிப்புகள் திறக்குமா என்று கேட்டேன். அந்தப் பழைய பதிப்பிலிருந்து நேரடியாகக் கொண்டுவரும் வசதி இல்லை என்றார்.

நான் விடவில்லை. 2015இல் அவர்கள் பக்கம் எப்படி இருந்தது என்பதை பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் தேடி எடுத்தேன். அந்தப் பெரிய எழுத்து வாசகம் அப்படியே இருந்தது. ரசீதையும் சேர்த்து அனுப்பினேன். "உங்கள் கருத்தைப் பதிவு செய்துகொண்டோம்" என்று ஒரு பதில். அதோடு என் புகாரைத் தீர்த்துவைத்ததாகக் குறித்து மூடிவிட்டார்கள். வாங்கி இத்தனை வருடம் ஆனதால் கார்டு நிறுவனத்திலும் ஒன்றும் நடக்கவில்லை.

நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. எழுதினால் அந்த ஒன்றை மட்டும் தவிர்த்தால் போதும் என்று தோன்றிவிடும். இதே வாசகத்தைப் போட்டு விற்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். பொருளோடு சேர்த்து விற்றதும் இப்படி முடிந்திருக்கிறது. ரிவால்வ் என்று, வீட்டுக் கருவிகளை இணைக்கும் ஒரு பெட்டியை வாழ்நாள் சேவையோடு விற்றார்கள். 2014இல் கூகிளுக்குச் சொந்தமான நெஸ்ட் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2016 மே மாதம் சேவையை நிறுத்தியது. பெட்டி வேலை செய்யாமல் போனது.

சர்வரை நிறுத்துவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. எந்த நிறுவனமும் ஒரு சர்வரை என்றென்றைக்கும் ஓட்ட முடியாது. நிறுத்தும்போது வாங்கியவனை என்ன செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி. நான் சந்தாவுக்காகக் குறை சொன்ன அதே அடோபி, தன் சிஎஸ்2 தொகுப்பின் ஆக்டிவேஷன் சர்வரை நிறுத்தியபோது, ஏற்கெனவே வாங்கியவர்களுக்காக, ஆக்டிவேஷன் தேவைப்படாத பதிப்பை 2013இல் தன் தளத்திலேயே வைத்தது. மைக்ரோசாஃப்ட் 2019இல் மின்னூல் கடையை மூடியபோது புத்தகங்கள் வாசகர்களிடமிருந்து போயின, ஆனால் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஒரு சிறிய அப்டேட்டில் பூட்டை எடுத்துவிட்டால் முடிகிற வேலை. அதைக்கூடச் செய்யாமல், மற்றவனின் பாட்டி சொன்னதைப் பூட்டிவைத்துச் சந்தா கேட்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சட்டமும் இப்போதுதான் இந்தப் பக்கம் திரும்புகிறது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் ஒரு சட்டம், உரிமத்தை மட்டும் கொடுத்துவிட்டு 'வாங்குங்கள்' என்று பட்டன் வைக்கும் டிஜிட்டல் கடைகள், அது உரிமம்தான் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது. ஆனால் சொன்னால் போதும். திருப்பித் தர வேண்டும் என்று அதில் இல்லை.

இனி, எனக்கு ஓரளவு கிடைத்த விடிவைச் சொல்கிறேன். யாருக்காவது இதே நிலை வந்தால் உதவும்.

டேட்டாபேஸ் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், முதலில் மென்பொருளை மறுபடி திறக்கவே வேண்டாம் என்றார். திறந்தால் அப்டேட் ஆகி, இருப்பதும் போய்விடலாம். நெட்டைத் துண்டித்துவிட்டு, அதன் தரவு ஃபோல்டரை முழுவதும் ஒரு பென் டிரைவில் நகல் எடுக்கச் சொன்னார். அதில் பெரிய ஃபைல் ஒன்று இருந்தது, பழக்கமில்லாத எக்ஸ்டென்ஷனோடு. நகலைச் சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தார். முழுவதும் குப்பை எழுத்துகள். ஆனால் முதல் வரியின் தொடக்கத்தில் மட்டும் ஆங்கிலத்தில் தெளிவாக "எஸ்க்யூலைட் ஃபார்மேட் 3" என்று இருந்தது. "பிழைச்சோம்" என்றார்.

எஸ்க்யூலைட் என்பது 2000இல் ரிச்சர்ட் ஹிப் வெளியிட்ட டேட்டாபேஸ். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், அதற்கு உரிமையாளர் என்று ஒருவர் கிடையாது. உங்கள் போனிலும் பிரவுசரிலும் அது ஓடிக்கொண்டிருக்கிறது. நிறைய மென்பொருள்கள் வெளியே தங்கள் பெயரைப் போட்டுக்கொண்டு உள்ளே இதில்தான் சேமிக்கின்றன. அந்த ஃபைல்களின் முதல் 16 பைட்டில் எப்போதும் இந்த வாசகம் இருக்கும். பூட்டு மென்பொருளின் வாசலில்தான் இருந்தது, ஃபைலுக்குப் பூட்டே இல்லை. டிபி பிரவுசர் என்ற இலவசக் கருவியில் திறந்ததும் அட்டவணைகள் வரிசையாக வந்தன. குறிப்புகள் இருந்த அட்டவணையில் தமிழ் எழுத்துகள் ஒன்றும் சிதையாமல் இருந்தன. பாமினி, டிஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்து முறைகளில் தட்டச்சு செய்த ஃபைல்களைத் திறந்து, எழுத்துரு இல்லாமல் புரியாத குறிகளைப் பார்த்து நொந்தவர்களுக்கு அந்த நிம்மதி தெரியும். 'பேச ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டார்' என்ற வரி அதில் இருந்தது. எல்லாக் குறிப்புகளையும் அன்றே ஒரு சாதாரண ஃபைலாக எடுத்துவிட்டோம்.

எல்லோருக்கும் இப்படி அமையாது. ஃபைலையே என்கிரிப்ட் செய்து, அதாவது யாரும் படிக்க முடியாதபடி பூட்டி வைக்கிற மென்பொருளாக இருந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

எனவே காசு கட்டும் முன் இரண்டு காரியம் செய்து பாருங்கள். சோதனைப் பதிப்பை நிறுவி, நெட்டை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். ஓடாவிட்டால் அந்த வாழ்நாள் அவர்கள் சர்வரின் வாழ்நாள்தான். அடுத்து, நாலைந்து படங்களுக்குப் பெயரும் குறிப்பும் எழுதி, அந்தப் படங்களை வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். ஜேபெக் படத்துக்குள்ளேயே குறிப்பை வைக்க ஐபிடிசி, எக்ஸ்எம்பி என்ற பொது முறைகள் இருக்கின்றன. ஆனால் பல மென்பொருள்கள் தாமாக அதைச் செய்வதில்லை. "மெட்டாடேட்டாவைப் (பெயர், குறிப்பு போன்ற தகவல்களை) படத்தில் எழுது" என்பது போன்ற ஓர் அமைப்பு எங்கோ உள்ளே அணைந்து கிடக்கும். நான் வாங்கியதிலும் அது இருந்திருக்கிறது. அன்றே அதைப் போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. இப்போது நான் டிஜிகேம் என்ற இலவச மென்பொருளில் இருக்கிறேன், எழுதுவதெல்லாம் படத்துக்குள்ளேயே போகும்படி அமைத்திருக்கிறேன். நாளை அது நின்றுபோனாலும் குறிப்பு படத்தோடு இருக்கும்.

நண்பரால் மீட்க முடியாதது ஒன்று உண்டு. எந்தப் படத்தில் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல் கிடைத்தது. ஆனால் முகத்தைச் சுற்றி நான் போட்ட கட்டம் எங்கே இருக்கிறது என்ற தகவலை அந்த மென்பொருள் தனக்கு மட்டும் புரியும் முறையில் எழுதியிருந்தது. இரண்டு வார இறுதி முயன்றும் அதைப் படிக்க முடியவில்லை. தனி ஆள் படங்களுக்குப் பிரச்சினை இல்லை. கூட்டமாக நிற்கும் படங்களில் பெயர்கள் ஒரு பக்கம், முகங்கள் ஒரு பக்கம்.

பெரியம்மாவுக்கு ஒவ்வொன்றாக அனுப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதினொரு பேர் நிற்கும் ஒரு படத்தில் ஒன்பது பேரை அடையாளம் சொல்லிவிட்டார். பின்வரிசையில் ஒரே உயரத்தில், ஒரே மாதிரி தலை வாரிக்கொண்டு இரண்டு பெண்கள் நிற்கிறார்கள். பட்டியலில் மீதம் இருப்பது சரசு, கனகம் என்ற இரண்டு பெயர்கள். இடது பக்கம் நிற்பவர் யார் என்று பெரியம்மாவுக்கும் தெரியவில்லை. பாட்டி சொல்லியிருந்தார், நான் கட்டம் போட்டு எழுதியும் வைத்திருந்தேன்.