இ-சி.எஃப்.ஆர்: அமெரிக்க மீன்பிடி விதிகளின் திருத்தங்களைப் பின்தொடர ஒரு தளம்

தூத்துக்குடியிலிருந்து அமெரிக்காவுக்கு இறால் அனுப்பும் நிறுவனங்களின் ஆவணப் பணியில் இருப்போருக்கு, அந்நாட்டின் மீன்பிடி விதிகளைப் படிப்பது விருப்பப் பாடமல்ல, கட்டாயப் பாடம். அந்த விதிகள் இன்று எந்த வாசகத்தில் நடைமுறையில் உள்ளன, நேற்று எப்படி இருந்தன, இடையில் யார் எதைத் திருத்தினார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தேட நான் வழக்கமாகத் திறக்கும் இணையதளம் இ-சி.எஃப்.ஆர். அமெரிக்கக் கூட்டாட்சி விதித்தொகுப்பின் மின்பதிப்பான இது, கட்டணமோ பதிவோ இல்லாமல் உலகில் எவரும் பயன்படுத்தக்கூடியது. இதைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட அறிமுகம் எதுவும் என் கண்ணில் படாததாலும், இதை நம்பும் இடத்தில் நம்பவும் நம்பக்கூடாத இடத்தில் விலகவும் ஏற்றுமதித் துறையில் புதிதாகச் சேர்வோருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதாலும் இந்த மதிப்புரை.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஒரு துறை விதி செய்தால் அது முதலில் ஃபெடரல் ரிஜிஸ்டர் என்ற அரசிதழில் வெளியாக வேண்டும். 1936 மார்ச் 14 அன்று முதல் இதழ் வந்த அந்த அரசிதழ், விடுமுறை தவிர்த்த எல்லா வேலை நாட்களிலும் வருகிறது. அதில் வெளியான நிரந்தர விதிகளைப் பொருள்வாரியாக 50 தலைப்புகளில் அடுக்குவதே விதித்தொகுப்பு. வனவிலங்குகளும் மீன்வளமும் ஐம்பதாம் தலைப்பு; தலைப்புக்குள் பகுதிகள், பகுதிக்குள் 660.71 போன்ற எண்ணுள்ள பிரிவுகள். இத்தலைப்பின் அச்சுப் பதிப்பு ஆண்டுக்கு ஒருமுறை, அக்டோபர் 1 நிலவரப்படி புதுப்பிக்கப்படும். மின்பதிப்போ நாள்தோறும் புதுப்பிக்கப்படுகிறது. சட்டப்படி அதிகாரபூர்வமான பதிப்பு அச்சில் வருவதுதான் என்றாலும், அன்றாட வேலைக்கு மின்பதிப்பே கை கொடுக்கிறது.

இத்தளத்தின் உண்மையான பெருமை திருத்தங்களை அது மறைக்காமல் வைத்திருக்கும் விதத்தில் இருக்கிறது. திருத்தப்பட்ட ஒவ்வொரு பிரிவின் அடியிலும் சதுர அடைப்புக்குறிக்குள் அந்தப் பிரிவு முதன்முதலில் வெளியான அரசிதழின் தொகுதி எண், பக்க எண், நாள் ஆகியவையும், அதன்பின் நடந்த திருத்தங்களின் எண்களும் வரிசையாக நிற்கும். வடகிழக்குக் கடற்பகுதிக்கான 648-ஆம் பகுதி, மேற்குக் கடற்கரைக்கான 660-ஆம் பகுதி, அலாஸ்காவுக்கான 679-ஆம் பகுதி போன்றவற்றில் இந்த அடிக்குறிப்பு சில இடங்களில் விதியை விடவே நீண்டுபோவதைக் காணலாம். அந்த எண்ணைச் சொடுக்கினால் உரிய அரசிதழ்ப் பக்கத்துக்கே போய்விடலாம். ஏன் மாற்றினார்கள் என்ற முன்னுரை அங்கே இருக்கும். தொடர்புக்குரிய அலுவலரின் பெயரும் தொலைபேசி எண்ணும்கூட அந்த முன்னுரையில் அச்சாகியிருக்கும் என்பது, கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்டே பழகிய நமக்குச் சற்று வியப்பானதுதான்.

திருத்தங்களில் வகை உண்டு என்பதையும் இத்தளத்தைப் பயன்படுத்துகிறவர் அறிந்திருக்க வேண்டும். விதி வெளியாகி, ஆனால் இன்னும் நடைமுறைக்கு வராத நிலையில் பிழை கண்டுபிடிக்கப்பட்டால் துறை வெளியிடுவது வெறும் பிழைதிருத்தம். விதி நடைமுறைக்கு வந்து தொகுப்பிலும் ஏறிவிட்ட பிறகு பிழை தெரிந்தால், தொகுப்பின் வாசகத்தையே மாற்றும் திருத்த விதி ஒன்றைத் தனியாக வெளியிட வேண்டும். தவறு துறையுடையதாக இல்லாமல் அரசிதழ் அலுவலகத்தின் அச்சுப் பிழையாக இருந்தால், அந்த அலுவலகமே ‘சி1’ என்று தொடங்கும் ஆவண எண்ணுடன் தன் பிழையைத் திருத்திக்கொள்கிறது. ஆக, ஒரு திருத்த ஆவணத்தின் தலைப்பையும் எண்ணையும் பார்த்தவுடனேயே தவறியது யார் என்பது தெரிந்துவிடும்.

இவற்றைவிட எனக்குப் பிடித்தது, பல பிரிவுகளின் அடியில் காணப்படும் ஆசிரியர் குறிப்பு. துறை அனுப்பிய திருத்த ஆணையில் ‘இன்ன பத்தியில் இன்ன சொல்லை நீக்குக’ என்று இருந்து, அந்தப் பத்தியில் அப்படியொரு சொல்லே இல்லையென்றால் என்ன ஆகும்? நம்மூரில் தட்டச்சர் எதையோ ஊகித்து எங்கேயோ பொருத்திவிடுவார். அங்கே தொகுப்பாளர்கள் கையை வைப்பதில்லை. ஆணை பிழையாக இருந்ததால் இத்திருத்தத்தைச் சேர்க்க இயலவில்லை என்று அரசிதழ் எண்ணோடு குறிப்பு எழுதிவிட்டு, பழைய வாசகத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். துறை மீண்டும் முறையான திருத்த விதி வெளியிடும் வரை அந்தக் குறிப்பு எல்லோர் பார்வையிலும் நிற்கும். விதியின் வாசகத்தைத் தொட யாருக்கு அதிகாரம் உண்டு, யாருக்கு இல்லை என்பதில் இத்தளம் காட்டும் கண்டிப்பு, அதன் மீதான நம்பிக்கைக்கு முதற்காரணம்.

இரண்டு நாட்களைத் தேர்ந்தெடுத்து வாசகங்களை ஒப்பிடும் வசதியைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். 2017 ஜனவரி முதலான எந்த நாளின் நிலவரத்தையும் திறக்க முடிகிறது. நீக்கப்பட்ட சொற்களும் சேர்க்கப்பட்ட சொற்களும் ஒரே திரையில் வேறுபடுத்திக் காட்டப்படுகின்றன. இதன் பயனை உணர, கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டத்தின் இறக்குமதி விதியைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. டால்பின், திமிங்கிலம் போன்றவை வலையில் சிக்கி இறப்பதைக் கட்டுப்படுத்த அமெரிக்காவுக்கு நிகரான ஏற்பாடு தம்மிடம் உண்டு என்று நிறுவாத நாடுகளின் மீனை வாங்குவதில்லை என்னும் அந்த விதி 2016 ஆகஸ்டில் வெளியாகி, 2017 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஏற்றுமதி நாடுகளுக்கு ஐந்தாண்டு விலக்கு தரப்பட்டது. அதாவது 2021 முடிய. அந்தக் காலக்கெடு பின்னர் 2022 டிசம்பர் 31-க்கும், பிறகு 2023 டிசம்பர் 31-க்கும், அதற்கும் பிறகு 2025 டிசம்பர் 31-க்கும் தள்ளிப்போனது. இந்த நீட்டிப்புகளைச் செய்திகளாகக் கேட்டவர்களிடம் எது கடைசி என்ற குழப்பம் ஆண்டுக்கணக்கில் இருந்தது. எந்த நாளில் எந்தக் காலக்கெடு செல்லுபடியானது என்பதை, அந்த விதி இடம்பெறும் 216-ஆம் பகுதியை நாள் வாரியாகத் திறந்து பார்த்தவருக்குக் குழப்பத்துக்கு இடமே இல்லை.

இறால் கொண்டுவருவோரிடம் பிடித்த இடம், படகு, வலை முதலிய விவரங்களைக் கேட்கும் தடமறிதல் திட்டத்திலும் இதே கதைதான். 2016 டிசம்பரில் வந்த அந்த விதியில் இறாலுக்கும் அபலோன் என்னும் கடல் நத்தைக்கும் மட்டும் நடைமுறை நிறுத்திவைக்கப்பட்டு, 2018 ஏப்ரலில் வந்த இன்னொரு விதியால் அந்த நிறுத்திவைப்பு நீக்கப்பட்டு, 2018 டிசம்பர் 31 முதல் இவ்விரண்டும் சேர்க்கப்பட்டன. 300.324 என்ற பிரிவைப் படிப்பவர் எந்த நாளின் வாசகத்தைப் படிக்கிறார் என்பதைக் கவனிக்கவில்லையென்றால், இறாலுக்கு இது பொருந்தாது என்றே முடிவு கட்டியிருப்பார்.

சின்னப் பிழை எவ்வளவு பெரிய விளைவைத் தரும் என்பதை 660.71 முதல் 660.74 வரையிலான பிரிவுகளில் பார்க்கலாம். மேற்குக் கடற்கரையில் அடிமீன்களைக் காக்க மூடப்படும் பகுதிகளின் எல்லைக்கோடுகளை, ஆழத்தை ஒட்டி, அட்சரேகை தீர்க்கரேகைப் புள்ளிகளாக நீண்ட பட்டியலில் அடுக்கியிருக்கிறார்கள். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஏறக்குறைய ஒரு கடல் மைல், அதாவது 1.85 கிலோமீட்டர். தட்டச்சில் ஒரு நிமிடம் கூடினாலோ குறைந்தாலோ, சட்டப்படி மீன் பிடிப்பவர் குற்றவாளியாகவும், மூடிய பகுதியில் வலை போடுபவர் நிரபராதியாகவும் ஆகிவிடக்கூடும். இத்தகைய புள்ளிகளைச் சரிசெய்யும் திருத்தங்கள் அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கின்றன. அவற்றைச் சில்லறைத் திருத்தம் என்று ஒதுக்குவது தவறு.

நம் பகுதிக்கு நேரடித் தொடர்புள்ள பிரிவு 223.207. இழுவைமடியில் சிக்கும் கடலாமை வெளியேறுவதற்கான கருவி எப்படி இருக்க வேண்டும் என்பதை அது அங்குலக் கணக்கில் சொல்கிறது: தடுப்புக் கம்பிகளுக்கு இடையிலான இடைவெளி பொதுவாக 4 அங்குலத்தை, அதாவது 10.2 சென்டிமீட்டரை, மிஞ்சக்கூடாது. கம்பிச் சட்டம் 30 முதல் 55 பாகை வரை சாய்ந்திருக்க வேண்டும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இந்தியப் படகுகளுக்காகக் கருவி வடிவமைத்தபோதும் அமெரிக்கத் தரத்தையே எட்ட வேண்டியிருந்தது. இந்தப் பிரிவை ஒரு வலைக்காரரிடம் வாய்மொழியாகத் தமிழில் சொன்னால்கூட அவர் கருவியைக் கட்டிவிடலாம் என்னும் அளவுக்கு விவரம் தெளிவாக இருக்கிறது.

இவ்வளவு பாராட்டிய பிறகு, இத்தளம் காலை வாரிவிடும் இடத்தைச் சொல்லாமல் விட்டால் இந்த மதிப்புரைக்குப் பொருளில்லை. தொகுப்பில் இருப்பது நிரந்தர விதி மட்டுமே. ஒரு மீனினத்தின் ஆண்டு ஒதுக்கீடு தீர்ந்துவிட்டதால் பருவத்தின் நடுவில் மீன்பிடிப்பை நிறுத்தும் தற்காலிக ஆணைகள் அரசிதழில் வருமே தவிர, தொகுப்பின் வாசகத்தை மாற்றுவதில்லை. தொகுப்பை மட்டும் படிக்கும் ஒருவருக்கு மூடிய மீன்பிடிப்பும் திறந்ததாகவே தெரியும். அதைவிட நமக்கு முக்கியமானது 609-ஆம் பிரிவு. ஆமை விலக்கும் கருவி இல்லாமல் கடலில் பிடித்த இறாலை இறக்குமதி செய்யத் தடை விதிக்கும் 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு அது; விதித்தொகுப்பின் பிரிவு அல்ல. அதை எதிர்த்து இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகிய நாடுகள் உலக வர்த்தக அமைப்பில் தொடுத்த வழக்கில், மேல்முறையீட்டு அமைப்பு 1998 அக்டோபரில், சட்டத்தின் நோக்கத்தை ஏற்றுக்கொண்டு அமலாக்கிய விதத்தைக் குறை கூறியது. அதன் விளைவாக 1999 ஜூலையில் அமெரிக்க வெளியுறவுத் துறை வழிகாட்டு நெறிகளைத் திருத்தி வெளியிட்டது. அந்த நெறிகள் அறிவிக்கையாக அரசிதழில் நிற்கின்றனவே தவிர, விதித்தொகுப்பில் ஏறவில்லை. 2019 மே மாதம் முதல் இந்தியக் கடல் இறாலுக்கு அமெரிக்கச் சந்தை மூடப்பட்டிருப்பதையும், பண்ணை இறாலுக்கு அத்தடை இல்லை என்பதையும், சரக்கோடு டி.எஸ்.-2031 என்னும் இறால் உறுதிமொழிப் படிவம் போக வேண்டும் என்பதையும் இ-சி.எஃப்.ஆரில் மட்டும் தேடுகிறவர் கண்டுபிடிக்கமாட்டார். ஆகவே அரசிதழ்த் தளத்தையும் கூடவே திறந்துவைத்துக்கொள்வது அவசியம்.

இன்னொரு குறை தளத்துடையது அல்ல. ஆனால் தளம் அதை எடுத்துக்காட்டுவதும் இல்லை. நிர்வாக நடைமுறைச் சட்டப்படி விதியை மாற்றுமுன் பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டும். அது தேவையற்றது என்பதற்குத் தகுந்த காரணம் இருந்தால் விலக்குப் பெறலாம். எழுத்துப்பிழையைச் சரிசெய்ய இந்த விலக்கைப் பயன்படுத்துவதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. ஆனால் ‘தெளிவுபடுத்துதல்’ என்ற பெயரில் வரும் மாற்றம் சில நேரங்களில் ‘அல்லது’ இருந்த இடத்தில் ‘மற்றும்’ வைத்து, ஒரு சான்றிதழ் போதும் என்றிருந்ததை இரண்டு வேண்டும் என்று ஆக்கக்கூடியது. ஒப்பீட்டுத் திரையில் அது ஒரே ஒரு சொல் மாற்றமாகத்தான் தெரியும். அது யாருடைய கடமையைக் கூட்டுகிறது என்பதை, முன்னுரையைப் பொறுமையாகப் படித்து நாமே முடிவு செய்ய வேண்டும்.

நம் மாநிலத்து நிலையோடு ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் 1983-இல் வந்தது. புதிய விதிகள் 2020-இல் வந்தன. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் என்பது விசைப்படகுக்காரர் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் 2020-இல் பொதுமுடக்கத்தால் மத்திய அரசு அதை மே 31 வரையான 47 நாட்களாகக் குறைத்தது. சுருக்குமடி வலைக்கு மாநில அரசு தடை விதித்திருக்க, 2023 ஜனவரி 24 அன்று உச்ச நீதிமன்றம், 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் ஆகிய இரு நாட்களில், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை, நிபந்தனைகளோடு அனுமதித்து இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. சட்டம் ஓரிடத்தில், விதி ஓரிடத்தில், மத்திய ஆணை ஓரிடத்தில், நீதிமன்ற உத்தரவு ஓரிடத்தில் என்று கிடப்பவற்றைக் கடலூரிலோ நாகப்பட்டினத்திலோ உள்ள ஒரு படகு உரிமையாளர் நாள் வாரியாக ஒரே திரையில் தமிழில் பார்க்க ஏற்பாடு இருந்தால், தகராறுகளில் பாதியாவது துறைமுகத்திலேயே தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

பயன்பாட்டைப் பொறுத்தவரை, கைப்பேசியில் இத்தளம் அவ்வளவு சுகமில்லை. அலாஸ்கா பகுதியின் இறுதியில் வரும் அகன்ற அட்டவணைகளைக் கணினியில்தான் படிக்க வேண்டும். தேடலில் பொதுவான சொல்லைக் கொடுத்தால் தலைப்புகள் எல்லாவற்றிலிருந்தும் முடிவுகள் வந்து குவியும் என்பதால், ஐம்பதாம் தலைப்பு என்று முதலிலேயே வரையறுத்துக்கொள்வது நல்லது. குறிப்பிட்ட பகுதி மாறும்போது மின்னஞ்சல் வரும்படி பதிவு செய்துகொள்ளும் வசதி உண்டு. ஏற்றுமதி நிறுவனத்தார் 216, 223, 300 ஆகிய மூன்று பகுதிகளுக்கேனும் அதைச் செய்துவிட வேண்டும். வாங்குபவரோடோ சுங்கத் துறையோடோ பின்னாளில் வழக்கு வரக்கூடிய சரக்கு என்றால், சரக்கு ஏற்றிய நாளின் வாசகத்தைத் திறந்து, நாள் தெரியும்படி அச்செடுத்து, டி.எஸ்.-2031 படிவத்தின் நகலோடு அதே கோப்பில் வைத்துக்கொள்ளலாம்.