இத்தாலியத் திராட்சைச் சாறும் அதற்கேற்ற ஈஸ்ட்டும்: பல வருஷ அனுபவம்

வீட்டில் ஒயின் போடத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது எந்த ஈஸ்ட் நல்லது என்றுதான். சாங்கியோவேஸே, பார்பேரா, மொன்டெபுல்சியானோ என்று இத்தாலிய ரகங்களையே பல வருஷமாகப் போட்டு வருகிறேன். என்னைக் கேட்டால், கையில் இருக்கும் சாறு எப்படிப்பட்டது என்று தெரியாமல் ஈஸ்ட் பாக்கெட்டைத் தொடவே வேண்டாம்.

சிவப்பு ஒயினுக்குத் தோல் இல்லாத வெறும் சாறு வாங்கினால் நிறமும் துவர்ப்பும் குறைவாகத்தான் இருக்கும், ஏனென்றால் அவை தோலிலும் விதையிலும்தான் இருக்கின்றன, எந்த ஈஸ்ட்டாலும் அதைக் கொண்டுவர முடியாது. சாங்கியோவேஸேக்கு நிறம் இயல்பிலேயே கொஞ்சம் வெளிறல், அதனால் தோலோடு வரும் சாறு கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தாவது வாங்குவேன். நெபியோலோவை வெறும் சாறாகப் போடுவது வீண் என்பது என் கருத்து, அந்த ரகத்தின் உயிரே அதன் துவர்ப்புதான். பார்பேரா அப்படி இல்லை. புளிப்பு தூக்கல், துவர்ப்பு கம்மி, வெறும் சாறிலேயே நன்றாக வருகிறது.

சாறு வந்ததும் பிரிக்ஸ் (சர்க்கரையின் அளவு), பிஎச் (அமிலத்தன்மையின் அளவுகோல்), மொத்த அமிலம் மூன்றையும் பார்த்துவிடுங்கள். சிவப்புக்கு 22 முதல் 24 பிரிக்ஸ், பிஎச் 3.3 முதல் 3.6 இருந்தால் நிம்மதி. கெடாமலிருக்கப் பொட்டாசியம் சோர்பேட் சேர்த்த சாறு என்றால் வாங்கவே வேண்டாம், ஈஸ்ட் அதில் பெருகாது.

சரி, ஈஸ்ட்டுக்கு வருவோம். பார்பேராவுக்கு நான் திரும்பத் திரும்ப எடுப்பது லால்வின் 71பி. சாறில் உள்ள மாலிக் அமிலத்தில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும், அதனால் நாக்கைக் கூசவைக்கும் புளிப்பு தணிந்து பழவாசனை மேலே வரும், சீக்கிரமே குடிக்கவும் ஆகும். பல வருஷம் பாட்டிலில் வைக்க நினைக்கிறவர்களுக்கு இது வேண்டாம்.

சாங்கியோவேஸேதான் எனக்குப் பிடித்த ரகம். ஒரே சாறை இரண்டாகப் பிரித்து ஒன்றில் ஆர்சி-212 ஈஸ்ட், இன்னொன்றில் பிஎம்45 ஈஸ்ட் போட்டுப் பார்த்தேன். முதலாவது பிரான்ஸின் பர்கண்டியிலிருந்து பினோ நுவார் திராட்சைக்காக எடுக்கப்பட்டது, இரண்டாவது சாங்கியோவேஸேயில் செய்யும் புரூனெல்லோ ஒயினின் ஊரான இத்தாலியின் மொன்டால்சினோவிலேயே பிரித்தெடுத்தது. ஆரம்பத்தில் ஆர்சி-212 போட்டதுதான் பளிச்சென்று பழமும் மசாலாவுமாக இருந்தது, பிஎம்45 மந்தமாகத் தெரிந்தது. ஒரு வருஷம் தாண்டிய பிறகு நிலைமை மாறிவிட்டது, பிஎம்45 ஒயின் வாயில் திரண்டு, செர்ரி வாசனையோடு உருண்டையாக இறங்கியது. இப்போது பொறுத்திருக்க முடிந்தால் பிஎம்45, அந்த வருஷமே திறப்பதாக இருந்தால் ஆர்சி-212.

ஆனால் இரண்டுமே நைட்ரஜன், அதாவது ஈஸ்ட்டுக்கான தீனி, நிறையக் கேட்கும். பசியோடு விட்டால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அதனால் ஈஸ்ட்டை வெதுவெதுப்பான நீரில் ஊறவைக்கும்போதே கோ-ஃபெர்ம் என்ற ஈஸ்ட் சத்தைக் கொடுத்துவிடுகிறேன், அப்புறம் சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கு இறங்கியதும், அதாவது 24 பிரிக்ஸில் தொடங்கியது 16க்கு வரும்போது, ஃபெர்மெய்ட் கே என்ற இன்னொரு சத்து. ஈஸ்ட்டைத் தேர்ந்தெடுப்பதற்குச் செலவழிக்கும் நேரத்தில் பாதியையாவது இதற்குக் கொடுத்தால் ஒயின் நிச்சயம் நன்றாக இருக்கும்.

பலரும் எல்லாவற்றுக்கும் ஈசி-1118 ஈஸ்ட்டையே போடச் சொல்கிறார்கள். 18 சதவீத ஆல்கஹால் வரை தாங்கும், 10 டிகிரி குளிரிலும் வேலை செய்யும், அதிகத் தீனியும் கேட்காது, உண்மைதான். ஆனால் ரகத்தின் குணத்துக்கு அது பெரிதாக எதையும் சேர்ப்பதில்லை. சர்க்கரை மிக அதிகமான ப்ரிமிடிவோ ரகத்துக்கோ, பாதியில் நின்றுபோன நொதித்தலை மறுபடி கிளப்பவோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளை ஒயினில் பினோ கிரிஜோ ரகத்துக்கு டி47 ஈஸ்ட் போதும், 15 முதல் 20 டிகிரிக்குள் வைத்திருக்க முடிந்தால் மட்டும். அதற்கு மேல் சூடேறும் அறை என்றால் கியூஏ23க்கு மாறிவிடுங்கள்.